மஞ்சள் வயரும் சாம்பல் வயரும்

முனவ்வர் அதைத் தராசில் வைத்தார்.
மூன்று கிலோ இருநூறு.
பழைய இரும்பு விலைதான் போட்டார்,
கண்ணாடிக்குக் கழிவு.
'மீன் தொட்டி செய்யவா தங்கச்சி?'
'படம் பார்க்க' என்றேன்.
மிச்சக் காசைத் தரும்போது
என் முகத்தை இன்னொருமுறை பார்த்தார்.

பற்றரியில் கொடுத்தபோது
ஐந்து அங்குலத் திரையின் நடுவில்
ஒரு வெள்ளைக் கோடு.
மேலே இருட்டு, கீழே இருட்டு.
செபநேசன் சாரத்தை மடித்துக் கட்டியபடி குனிந்து
'கடல் தெரியுது' என்றார்.
பகிடிக்குத்தான்.
ஆனால் உள்ளே ஒரு குரல் செய்தி வாசித்தது.
முகம், மேசை, பின்சுவர்
எல்லாம் அந்த நூலுக்குள்
நசுங்கிக் கிடந்தன.

டச்பேயிலிருந்து நாலு வளவு தள்ளி எங்கள் வீடு.
உப்புக் காற்று எந்த ஆணியையும்
இரண்டு மாரிக்கு மேல் விட்டுவைக்காது.
பின்மூடியின் ஆறு திருகாணியில் நாலு வந்தன.
ஒன்று தலை கழன்றது.
ஒன்றுக்குத் தேங்காயெண்ணெய் விட்டு
விடியும்வரை பார்த்திருந்தேன்.

உள்ளே
பல்லி முட்டை ஓடு இரண்டு,
விரல் கனத்துக்குத் தூசி,
எனக்கு முன் திறந்த எவனோ ஒருவனின்
ஈயம்.
சுவருக்குச் சுண்ணாம்பு போல
அள்ளி அப்பியிருந்தான்.
'வேலைக்கு உதவாதவன்'
வாய்விட்டே சொன்னேன்.
அதோடு நின்றானா?
படக்குழாயின் கழுத்திலிருந்து இறங்கும்
மஞ்சள் வயரைச் சாம்பலின் இடத்தில்,
சாம்பலை மஞ்சளின் இடத்தில்.
பலகையில் நிறத்தின் முதலெழுத்து
அச்சிலேயே இருக்கிறது.
வாசிக்கக்கூடவா தெரியாது?

இரண்டு நாள் சும்மா கிடந்தாலும்
படக்குழாயை நம்பக் கூடாது.
திருப்புளியில் வயர் சுற்றி
மறுமுனையைச் சட்டத்தில் கவ்வக் கொடுத்து
இடக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு
(மாவு ஆலை, மோட்டார்ப் பிரிவு, பதினொரு வருடம்)
றப்பர் குல்லாயின் கீழே நுழைத்தேன்.
டிக்.
யதுர்ஷி கட்டிலில் ஏறி நின்றாள்.
'செத்துப்போச்சா அம்மா?'
'இப்பத்தான்.'

ஆயிரம் மைக்ரோ கண்டென்சர் ஒன்று
உச்சந்தலை வீங்கி
காலடியில் பச்சையாய்க் கசிந்திருந்தது.
அதே அளவு, பழுதான டிவிடி பெட்டிக்குள் கிடைத்தது.
மாற்றினேன்.
அவன் அப்பியதையெல்லாம் உறிஞ்சியெடுத்து
புள்ளி புள்ளியாய் வைத்தேன்.
மஞ்சளை மஞ்சளுக்கு.
சாம்பலைச் சாம்பலுக்கு.
சும்மா திருத்துவதைவிட
ஒருவனின் பிழையைத் திருத்துவது
கொஞ்சம் இனிப்பு.
படலையடியில் புள்ளிமான் ஒன்று
நான் எறிந்த அட்டைப்பெட்டியைத்
தின்றுகொண்டிருந்தது.

ஏழு மணிக்கு வாடை பலத்துக் கரண்ட் போனது.
போகட்டும், இவனுக்குப் பற்றரி போதும்.
அன்ரெனாவுக்கு ஒரு சைக்கிள் கம்பி.
கோடு நடுங்கியது.
கொட்டாவி போல மேலும் கீழும் திறந்து
முழுத்திரை.
முழுத்திரையில்
செய்தி வாசிப்பவர்
தலைகீழாய்.

ஒருவரும் கதைக்கவில்லை.
வானிலை வந்தது.
மாத்தறை உச்சியில், பருத்தித்துறை அடியில்,
மழை கீழிருந்து மேலே பெய்தது.
திருகோணமலையைத் தேடினோம்.
வடக்குத் தெற்காகி
தெற்கு வடக்கான தீவில்
கிழக்கு மட்டும்
கிழக்கிலேயே இருந்தது.

கட்டில் விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டு
யதுர்ஷி கத்தினாள்:
'அம்மா, நாங்க புத்தளத்துக்குப் போயிட்டம்!'

அப்போதுதான் அவன் எனக்குப் பிடிபட்டான்.
கழுத்துச் சுருளை வேறொரு பெட்டியிலிருந்து
கழற்றிப் போட்டிருக்கிறான்.
அவனும் எழுத்தை வாசித்திருப்பான்.
எழுத்தின்படியே வைத்திருப்பான்.
அவன் வீட்டிலும் யாரோ ஒருவர்
தலைகீழாய்ச் செய்தி வாசித்திருப்பார்.
பிறகுதான் மாற்றியிருக்கிறான்.

சரி ஐயா.
ஈயத்தைப் பற்றிச் சொன்னதை மட்டும்
திரும்பப் பெற மாட்டேன்.

அயன் சூடாக்கக் கரண்ட் இல்லை.
வரட்டும்.
அதுவரை
'தள்ளிப் படு' என்கிறார் செபநேசன்,
தலையணையைக் கால்மாட்டுக்கு எறிந்து.