எஸ் வளைவில் நாலு பீப்

பழைய மெஷினின் பேட்டரி
மொச்சைக்கொட்டையில் பாதி.
கோட்டைவாசல் ஏற்றத்தில் மாற்றப் போய்
விரலை விட்டுத் தாவி
பின்சீட்டுப் பக்கம் உருண்டது ஒருநாள்.
பாதி பஸ் குனிந்து
செல்போன் வெளிச்சத்தில் தேடியது.
கிடைத்தவை
ஒரு கம்மல் திருகாணி,
நேந்திரங்காய்ச் சிப்ஸ் மூன்று,
செல்லாத நாலணா.
காது கிடைக்கவில்லை.

அன்றைக்கு உதடு பார்த்தே டிக்கெட் கொடுத்தேன்.
தென்மலைக்குச் சிக்கலில்லை,
ம வரும்போது வாய் மூடிக்கொள்ளும்.
கொல்லம், கொட்டாரக்கரை, குண்டறை
மூன்றும் தொண்டையில் பிறக்கிற ஊர்கள்.
குண்டறைக்காரருக்குக் கொல்லம் கிழித்து
அவர் மலையாளத்தில் திட்டியதில்
ஒரு சொல்லும் எனக்குச் சேரவில்லை.
அந்த மட்டில் லாபம்.

புனலூரில் காது பார்க்கிற ஷைனி
ஒரு பெட்டியைத் திறந்து காட்டினாள்.
இதில் மாற்ற ஒன்றுமில்லை சேட்டா,
ராத்திரி வைத்தால்
காலையில் எடுத்து மாட்டலாம்.
மாதாமாதம் அட்டை வாங்கவேண்டாம்,
பஸ் ஆட்டத்தில் விரல் நடுங்கவேண்டாம்.
விலை கேட்டேன்.
மூன்று மாதச் சம்பளமும் பொங்கல் போனஸும்.
உள்ளிருக்கும் பேட்டரி கிழடானால்?
நாலஞ்சு வருஷம் போகும், கம்பெனிக்கு அனுப்பலாம்,
ரெண்டு வாரத்தில் வரும்.
அந்த ரெண்டு வாரம்?
ஷைனி சிரித்தாள்.
நல்ல சிரிப்புதான். வாங்கிவிட்டேன்.

கொல்லம் நைட் ஹால்ட்டில்
ரெஸ்ட் ரூமுக்கு ஒரே பிளக்.
டிக்கெட் மெஷினுக்குச் சார்ஜ் வேண்டும்,
என் காதுக்கு வேண்டும்,
டிரைவர் இசக்கிப்பாண்டி போனுக்கு வேண்டும்.
அவர் மகள் தோஹாவில் நர்ஸ்,
டியூட்டி முடிந்து பதினொன்றுக்குத்தான் கூப்பிடுவாள்.
முதலில் மெஷின்; அரசாங்கச் சொத்து.
அப்புறம் அவர் பார்த்தார், நான் பார்த்தேன்.
நீரே போடும் வே, என்றார்.
அன்று மகளிடம் ரெண்டு நிமிஷம் பேசினார்,
மூன்றாவதில் போன் கறுத்தது.
என் பெட்டியில் பச்சை எரிந்துகொண்டிருந்தது.
மறுவாரம் தென்காசிச் சந்தையில்
நாலு ஓட்டைப் பிளக் பெட்டி வாங்கினேன்,
இருநூற்றெண்பது ரூபாய்.
ஷைனி சொன்ன கணக்கில் இது இல்லை.

பதினெட்டு மணி நேரம் தாங்கும் என்பது
பதினெட்டு மணி நேரம் வேலை பார்க்காதவர்கள்
எழுதியது.
வியர்வைக்கும் தென்மலைச் சாரலுக்கும் தாங்குகிறது,
அதைக் குறை சொல்லமாட்டேன்.
பழையது ஆனி மாதம் வந்தாலே இருமும்.
ஆனால் கடைசி டிரிப்பில்
எஸ் வளைவு இறங்கும்போது
நாலு பீப்.
அப்புறம் என்ஜின் இல்லை, ஹாரன் இல்லை,
முன்சீட்டுப் பிள்ளையின் அழுகை
வாய் மட்டுமாய்த் திறந்து கிடக்கிறது.
விசில் ஊதுகிறேன்.
ஊதினேனா என்று
பஸ் நிற்பதை வைத்துத்தான் தெரியும்.

அதற்குத்தான் பையின் அடியில்
மெஷின் படுத்தால் கிழிக்கிற காகித டிக்கெட் கட்டோடு
பழைய காதையும் வைத்திருக்கிறேன்.
பழுப்பு ஒட்டை உரித்ததும் மாட்டக்கூடாது.
அந்தப் பேட்டரி ஒரு நிமிஷம்
காற்றுக் குடித்துத்தான் உயிர் பிடிக்கும்.
புளியரை வயல் வரும்வரை
உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிற்பேன்.

செங்கோட்டையில் வீடு சேர மணி பத்தரை.
முன்பெல்லாம் காதோடு படுத்து
அப்படியே தூங்கிப்போவேன்.
இப்போது சாப்பிட்டதும் பெட்டியில் வைத்தாக வேண்டும்,
காலை நாலரைக்கு டியூட்டி.
பேச்சித்தாய்க்கு இதுதான் பெரிய குறை.
மூடுமுன்னே சொல்லிவிடு என்பேன்.
கேஸ் தீர்ந்தது, சீட்டுப் பணம், சின்னவன் ஃபீஸ்
எல்லாம் சொல்லிவிடுவாள்.
மூடி விழுந்த பிறகுதான்
அவளுக்கு வேறு ஏதோ நினைவு வருகிறது.
சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சொல்கிறாள்,
உதடும் தெரியாதபடி.
தோள் அசைகிறது.

பெட்டிக்குள் ரெண்டு பச்சைப் புள்ளி
விழித்தபடி இருக்கின்றன.