காலை ஏழு முதல் பத்து வரை

முதல் தடவை வீட்டுக்கே வந்து எடுத்தார்கள்.
சாவடி லைன் வீட்டு வாசலில் பைக் நின்றது,
பின்பெட்டியின் மூன்று பக்கமும் ரத்தத் துளி படம்.
எதிர்வீட்டு மாராத்தாள் துணி உதறுவதை நிறுத்தி
"ஏனுங்க, யாருக்கு?" என்றாள்.
"எனக்குத்தானுங்க. சர்க்கரை."
தெருவில் பாதிப் பேருக்குச் சர்க்கரை.
அந்தச் சொல்லுக்குள் ஓர் ஆளை
வசதியாக ஒளித்து வைக்கலாம்.

பையன் சீட்டைச் சத்தமாக வாசித்தான்:
"டெஸ்டோஸ்டிரோன், டோட்டல்."
நல்லவேளை, அவளுக்கு அது
ஏதோ உர மூட்டையின் பெயராகக் கேட்டிருக்கும்.

இருநூற்று முப்பத்தொன்று.
அவர்கள் அச்சடித்த கீழ்க்கோடு முந்நூறு.
ஒரு தாளை வைத்து ஆளை எடை போட முடியாது,
இன்னொரு காலையில் இன்னொரு முறை எடுங்கள்
என்றார் டாக்டர்.

எடை போடுவது என் தொழில்.
ராத்திரி ஒன்பதுக்குப் பண்ணையில் கூண்டு கூண்டாக.
வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக் கடைகளில்
விடியுமுன் மறுபடி போட்டால்
நூறு கிலோவுக்கு மூன்று குறையும்.
வழியில் குறைவதற்கென்று
பில்லில் தனியாக ஒரு கட்டமே உண்டு.
முப்பத்தெட்டு நாள் கோழி.
எது சேவல் என்று யாரும் கேட்டதில்லை.
கூவ வருவதற்குள் வண்டி ஏறிவிடுகிறது.

துளசிமணியும் எட்டு மாதமாக ஒன்றும் கேட்கவில்லை.
கேட்காமலிருப்பதை அவள்
எவ்வளவு கவனமாகச் செய்கிறாள் என்பது
கட்டிலில் என் பக்கத்துக்குத் தெரியும்.

இரண்டாம் தடவை, கஞ்சிக்கோடு.
லோடு இறக்கிக் குழாயடியில் கழுத்துவரை கழுவி
ஏழேகாலுக்கே லேப் வாசலில் நின்றேன்.
அந்தப் பக்கம் என்னைத் தெரிந்தவை கோழிகள் மட்டும்.
அவையும் இந்நேரம் இருக்காது.

பிரசீதா என்று அட்டையில் மலையாளத்தில் இருந்தது
(கடைப் பலகை பார்த்துப் பார்த்து அவ்வளவு வாசிப்பேன்).
சீட்டைப் படித்தாள்,
முகத்தில் எதுவும் ஏறவில்லை, இறங்கவுமில்லை.
ரப்பர் பட்டையை முழங்கைக்கு மேல் கட்டிவிட்டு
"ராத்திரி உறங்கியோ?" என்றாள்.

இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை.
"ராத்திரி வண்டிங்க. பதினோரு வருஷமா."

பட்டையை அவிழ்த்துவிட்டாள்.
"ஏழு முதல் பத்துன்னு எழுதியிருக்கறது
உறங்கி எழுந்த ஆளோட காலை, சேட்டா.
நிங்களுக்கு இது இப்போழும் ராத்திரியாக்கும்.
மூணு நாள் ராத்திரி உறங்கிட்டு வாங்கோ."
காசு வாங்கவில்லை.

முதலாளியிடம் லீவுக்கும் சர்க்கரையைத்தான் சொன்னேன்.

முதல் ராத்திரி தூக்கமில்லை.
இரண்டு மணிக்கு உடம்பு தானாக
வாளையாற்று வேகத்தடைக்குக் குலுங்கியது.
பக்கத்தில் அவள், ஒரு கையைத் தலைக்கு மேல் போட்டு,
போலீஸிடம் பாதி சரணடைந்த மாதிரி.
இப்படித்தான் தூங்குவாள் என்று
இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது.

"துளசி, அது சர்க்கரை இல்லை."

"தெரியுமுங்க" என்றாள் கண் திறக்காமல்.
"சீட்டைச் சட்டையோட துவைக்கப் போட்டுட்டீங்க.
காயவெச்சு அரிசி டப்பாவுக்கு அடியில
எடுத்து வெச்சிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வெட்கம்,
பிறகு வேறென்னவோ.
மின்விசிறி அதே மூன்றாம் நம்பரில் கிறீச்சிட்டது.

நான்காம் நாள் இரண்டு டிக்கெட் எடுத்தேன்.
ஜன்னலோரம் அவள்.
காலி கூண்டு வண்டிகள் எதிரே திரும்பிக்கொண்டிருந்தன,
வெள்ளைச் சிறகுகள் ரோட்டோரம்.

பிரசீதா பட்டையைக் கட்டினாள்.
"ராத்திரி உறங்கியோ?"

நான் வாய் திறக்குமுன்
"உறங்குனாருங்க" என்றாள் துளசிமணி.
"குறட்டைல எனக்குத்தான் தூக்கம் போச்சு."

பிரசீதா நேரத்தைக் குறித்தாள்: ஏழு ஐம்பத்திரண்டு.