முப்பத்தாறு துண்டு

பூசை முடிந்து வரும் வழியில்
நீராவிப்பிட்டியில் சைக்கிளை நிறுத்தினால்
நயீம் நானா தராசைப் பார்க்காமலே வெட்டுவார்.
"எலும்போடையா, தங்கச்சி?"
எலும்போடைதான்.
எலும்பில்லாக் கறி
ஆளில்லாக் கலியாணவீடு.

ஒரு கிலோ.
என் கத்திக்கு அது முப்பத்தாறு துண்டு.
சில கிழமை முப்பத்தைந்து.
அன்றைக்கு நான் ஒருவரோடும் பேசமாட்டேன்.

வன்னி மாடு,
காடு முழுக்க நடந்து திரிந்த மாடு,
றோட்டில் படுத்து பஸ்ஸை மறித்த மாடு,
லேசில் அவியாது.
பப்பாசிக்காயில் இரண்டு கீற்று,
வினாகிரி ஒரு மூடி, உப்பு, மஞ்சள்.
பிசைந்து மூடிவிட்டுக் குளிக்கப் போவேன்.
குக்கர் வாங்கித் தரட்டா என்கிறார் இவர்.
பாலை விறகு இருக்குமட்டும் வேண்டாம்.
விசில் ஊதி ஊரைக் கூப்பிட
இதென்ன கால்பந்தா?

வெங்காயம் சிவந்து, றம்பை சுருண்டு,
வறுத்த தூள் மூன்று கரண்டி விழுகிற நேரம்
வேலிக்கு அங்கால் ஒரு செருமல்.
கோணேசலிங்கம் அண்ணை.
கோயில் நிர்வாகசபைப் பொருளாளர்.
எங்கள் கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய் விட
அவருக்கு அந்த நேரம்தான் ஞாபகம் வரும்.

கட்டில் குந்தியிருந்து
பூவரசமிலையில் மூன்று துண்டு,
ஊதி ஊதித் தின்பார்.
தேசிக்காய்ப் பாதியால் விரல் விரலாய் உரசுவார்.
"பிள்ளை, உவளுக்குத் தெரியவேண்டாம்."

மரவள்ளிக்கிழங்கு போட்டு
முதற்பால் விட்டு இறக்கினால்
பின்படலையில் ஒரு கிண்ணம்.
கிண்ணத்துக்குப் பின்னால் சறோசினி அக்கா.
"பெடியனுக்குத் தடிமன், உறைப்பா ஏதும்..."
பெடியன் இரண்டு வருசமாய்க் கத்தாரில்.
மூன்று துண்டு. கிழங்கு கூட.
நின்ற நிலையில் முடித்து
என் வாளியில் கிண்ணத்தைக் கழுவி
கிணற்றுக்கட்டில் கிடக்கும் மற்றப் பாதித் தேசிக்காயை
அவவே எடுப்பா.
முதற்பாதி எங்கே என்று ஒருநாளும் கேட்டதில்லை.
"அந்தாளுக்குத் தெரிஞ்சா வீட்டுக்கை எடுக்காது."

முப்பது மேசைக்கு வரும்.
டினோசன் கொழுப்பை ஓரம் கட்டுவான்,
அபிசா எலும்புக்குள் ஊதி மச்சையை உறிஞ்சுவாள்,
சின்னது குழம்பை மட்டும் பாணுக்குக் குடிக்கக் கொடுக்கும்.
"ஒரு கிலோதானே வாங்கினனீர்?" என்பார் இவர்.
வத்திப்போச்சு என்பேன்.
இறைச்சி வற்றும். எண்ணிக்கையும் வற்றும்.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு
இறைச்சிச் சட்டியை நானும் கவிழ்த்துவைப்பேன்.
ஒருவரும் சொல்லவில்லை. அப்படித்தான்.
அந்த ஞாயிறுகளில் எங்கள் வீட்டில் பூசணிக்காய்.
கிணற்றுக் கப்பி கிறீச்சிடும்.
கத்தார்ப் பெடியனுக்குத் தடிமன் சுகம்.

போன மாதம், மழை.
கிணற்றடி வெள்ளமாகி
அண்ணை குசினிக்குள் வந்துவிட்டார்.
பின்படலை திறந்தது.

இலையோடு அவர். கிண்ணத்தோடு அவ.
அடுப்பில் விறகு மட்டும் ஏதோ சொன்னது.
"மழை பெரிசுதான்," என்றார் அண்ணை.
"ஓம், பெரிசு," என்றா அக்கா.
நான் இலைக்கு மூன்றும் கிண்ணத்துக்கு மூன்றும் போட்டேன்.
ஒருவர் கதவைப் பார்த்து, ஒருவர் கூரையைப் பார்த்து
தின்று முடித்தார்கள்.
தேசிக்காயை வெட்டி
ஆளுக்குப் பாதி கொடுத்தேன்.
போகும்போது குடை ஒன்றுதான் இருந்தது.

அடுத்த ஞாயிறு
வேலிக்கு அங்கால் செருமல்.
"பிள்ளை, உவளுக்குத் தெரியவேண்டாம்."
அரைமணி கழித்துப் படலையில் கிண்ணம்.
"அந்தாளுக்குத் தெரிஞ்சா..."

சரி அக்கா.

மூன்று மணிக்கு எல்லாரும் படுத்த பிறகு
சட்டி எனக்கு.
ஒரு அகப்பைச் சோற்றைக் கொட்டி
அடிப்பிடித்த தூளோடு பிரட்டுவேன்.
கிழங்குக்குள் சில நாள் ஒளிந்திருக்கும்
முப்பத்தேழாவது துண்டு.

எனக்கு எண்ணத் தெரியாதென்று
வைத்துக்கொள்ளுங்கோ.