சிறு பிழைகள் திருத்தப்பட்டன

வாளையாரில் என் அறை, பஞ்சர் கடைக்கு மேலே.
சன்னலோரம் வைத்தால் கைபேசிக்குக் கேரளம்,
கட்டிலில் போட்டால் தமிழ்நாடு.
இரண்டு பக்கமும் மாறி மாறி நல்வரவு அனுப்பும்.
காற்று மட்டும் எதையும் கேட்காமல்
கணவாய் வழியே வந்து காகிதங்களைக் கலைக்கும்.

இங்கே உட்கார்ந்துதான் 'காலியிடம்' எழுதினேன்.
பதினொரு எம்பி. விளம்பரம் கிடையாது.
காலை வணக்க ரோஜாக்கள்,
ஒரே கல்யாணத்தின் நாற்பது பந்தி,
எடுத்தவருக்கே நினைவில்லாத ஒரு கட்டைவிரல்,
எல்லாவற்றையும் தேடிப் பிடித்துக் கழுவிவிடும்.
ஒன்றுபோல் இரண்டு படம் இருந்தால்
மூத்தது நிற்கும், இளையது போகும்.
அந்த விதியை ஒரு மதியம்
சோறு ஆறுவதற்குள் எழுதி முடித்தேன்.

இரவு ஒன்று நாற்பதுக்கு வந்து விழுந்தது
ஒற்றை நட்சத்திரம்.
"சர்டிபிகேட் போட்டோவ அழிச்சுப்போட்டுது.
செக்போஸ்ட்ல நிக்கறன். வண்டி பூரா குஞ்சு.
நல்லா இருப்பீங்களா."
செங்கோட்டுவேலன், பல்லடம்.

படித்த பிறகுதான் காதில் ஏறியது.
அதுவரை பூச்சிச் சத்தம் என்றிருந்தேன்.
சன்னலுக்கு நேர் கீழே ஏழாவது லாரி,
தட்டுத் தட்டாய் அடுக்கிய கீச்சு.
வரிச்சாவடி போய் எத்தனையோ வருஷம்;
கோழிக்கு மட்டும் கம்பம் இன்னும் இறங்கியே இருக்கிறது.

கால் மாற்றிச் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.
இன்னார் என்று சொல்லவில்லை.
"போன் வேலை கொஞ்சம் தெரியும், காட்டுங்கண்ணா."

பார்த்ததும் விளங்கிவிட்டது.
ஒவ்வொரு லோடுக்கும் அதே படிவம், அதே ஊதா முத்திரை,
அதே டாக்டரின் அதே கிறுக்கல்.
மாறுவது தேதி மட்டும், எள்ளளவு மை.
என் கணக்குக்கு அது தொண்ணூற்றெட்டு சதவீதம் ஒன்று.
போன மாதத்தது மூலம் என்று நின்றது,
நேற்றையது நகல் என்று போயிற்று.

குப்பைத்தொட்டி?
போன பதிப்பில்தான் அதை எடுத்தேன்,
அழித்தும் இடம் வரவில்லை என்று அறுபது பேர் திட்டியதால்.
படம் அனுப்பிய பண்ணைக் குமாஸ்தாவின் போன் அணைந்திருந்தது.
இப்போதே திருத்தி மேலே ஏற்றினாலும்
இவர் போனில் இறங்காது.
'புதுப்பிக்க இடம் போதவில்லை'
என்றது திரை, இத்தனையும் அழித்த பிறகு.

மிச்சம் இருந்தது
சிறுபடங்கள் ஒளிந்திருக்கும் மறைகோப்புறை.
அதையும் துடைக்கத்தான் திட்டம்;
திங்கட்கிழமை வேலைகளில் மூன்றாவதாகக் குறித்திருந்தேன்.
சோம்பலே, உனக்கு ஒரு கும்பிடு.

அஞ்சல்தலை அளவுக்குக் கிடைத்தது.
பெரிதாக்கினால் தேதி கட்டம் கட்டமாய் உடைந்தது.
பதினேழா, பதினொன்றா?
கால்நடை இன்ஸ்பெக்டர் சசிதரன்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
"ஒன்னும் காணுன்னில்லல்லோ" என்றார்.

பிறகு தட்டிலிருந்து ஒரு குஞ்சை எடுத்தார்.
டார்ச்சை வாயில் கவ்வி, புரட்டிப் பிடித்து,
வயிற்றுத் தூவியை விரலால் விலக்கினார்.
தொப்புள் இன்னும் ஆறவில்லை.
போன மாதம் பிறந்திருக்கவே முடியாத ஒன்று
அவர் உள்ளங்கையில் கழிந்தது.
கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
பேரேட்டில் பதினேழு என்று எழுதினார்.

கம்பம் ஏறும்போது செங்கோட்டுவேலன் சொன்னார்:
"அப்பிடியே அந்தச் சனியன் ஆப்பையும் தூக்கியுடுங்க கண்ணு."
தூக்கினேன், என் விரலாலேயே.
பதினொரு எம்பி காலியானது.
நட்சத்திரம் மட்டும் இன்னும் இருக்கிறது.

மேலே வந்து உட்கார்ந்தேன்.
எழுத்துள்ள படத்தைத் தொடாதே.
எதை அழிக்கும் முன்னும் கேள்.
தொட்டியைத் திரும்பப் பொருத்தினேன்,
திங்கட்கிழமை மூன்றாவதை அடித்துவிட்டேன்.
கீழே கம்ப்ரஸர் உறும ஆரம்பித்திருந்தது.

'புதியது என்ன' என்று கேட்கும் கட்டத்தில்
ஐந்நூறு எழுத்துக்கு இடம் இருந்தது.
வழக்கமான மூன்று சொல்லையே போட்டேன்.