ஏழாவது பெயர்

தாலுகா ஆபீசிலிருந்து தாள் வந்தது,
ஊர்வலத்தில் கல் விழுந்த பதினோராம் நாள்.
ஆறடிக்கு நாலடி, பச்சை ஓரம்,
தக்கலை பஸ் ஸ்டாண்டு முகப்பில் கட்ட:
'சகிப்புத்தன்மையோடு வாழ்வோம்.'

எழுத்துப்பிழை பார்ப்பது என் வேலை.
சொல் சரியா என்று பார்க்க யாரும் காசு தருவதில்லை.
ஆனாலும் விரல் அதில் நின்றது.
எதையெல்லாம் சகித்திருக்கிறேன்?
கடைவாய்ப் பல்லை.
அழகியமண்டபம் வரை நின்றே போகும் காலை பஸ்ஸை.
கூரை ஒழுக்கை, கரண்டு கட்டை,
மச்சினன் என் பெயரில் வாங்கிய கடனை.
எல்லாம் ஒருநாள் தொலையும் என்ற
நம்பிக்கையில்தான்.

கீழே சமாதானக் கமிட்டி, ஒன்பது பேர்.
ஏழாவது இடத்தில் பேனா எழுதியிருந்தது:
'செருப்புக்கடை பாய்.'

அது என் பக்கத்துக் கடை.
ஒரே சுவர். ஒரே மீட்டர் பெட்டி. பதினாலு வருஷம்.
அங்கிருந்து நோன்புக்கஞ்சி தூக்குவாளியில் வரும்;
கிறிஸ்துமசுக்கு இங்கிருந்து முந்திரிக்கொத்து போகும்.
என் கால் அளவு எட்டு என்று அவருக்குத் தெரியும்.
அவர் கடைப் பலகையை நான்தான் அடித்தேன்:
'ராயல் செருப்பகம்.'
கீழே பேர் போடட்டுமா என்றதற்கு
வேண்டாம் என்றார்.
ஏன் என்று கேட்கவில்லை.
பேரையும் கேட்கவில்லை.

இன்று போய்க் கேட்டேன்.
பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தார்.
'எனக்க பேரா?'
கூடவே வந்து திரை முன்னால் நின்றார்.
மாகீன் அபூபக்கர் என்று அடித்தேன்.
'கீ இல்லே, ஹீ.'

ஹ என் விசைப்பலகையில் மேல் மூலையில் கிடக்கிறது.
சுண்டுவிரலை நீட்டினால்தான் எட்டும்.
நீட்டிப் பழகாத விரல்.

அவர் கண் மேலே போய் வாசகத்தைப் படித்தது.
'சகிக்கதுக்கு நாங்க என்ன
பல்லுவேதனையா?' என்று சிரித்தார்.
எனக்குச் சிரிப்பு வரக் கொஞ்சம் நேரமானது.

ஆபீசுக்குப் போன் போட்டேன்.
வந்த வாசகத்தை அப்படியே அடியும் என்றார்கள்.
அடித்தேன்.
நாலு மூலையிலும் கண்ணி வைத்துச் சுருட்டினேன்.

வாசல்வரை போனவர் தயங்கினார்.
'இத்தனை வருஷமா பிளக்ஸ்காரர்னே
விளிச்சிட்டிருக்கேன். உங்க பேரு?'
'ஞானாபரணம்.'

பாக்கெட்டிலிருந்த செருப்புப்பெட்டி அட்டையில்
எழுதத் தொடங்கி, பாதியில்
பேனாவை நிறுத்தினார்.

'ரெண்டு சுழியா, மூணு சுழியா?'