கிண்டி

முதலில் எரிந்தது கிண்டி சிக்னலில்தான்.
மீட்டர்களுக்கு நடுவே சிவப்பாக ஒரு சின்னக் கிண்டி,
மூக்கு நுனியில் ஒரே ஒரு சொட்டு.
ஊர்ப்பெயரும் பாத்திரமும் ஒன்றாய்ப் போனதில்
சிரிப்பு வந்தது எனக்கு.
பச்சை விழுந்து மிதித்ததும் அணைந்துவிட்டது.

அடுத்த முறை பின்சீட்டு அம்மாள் கேட்டாள்:
"தம்பி, அது என்ன சிவப்பா?"
"ஒண்ணுமில்லம்மா, சென்சார்."
அன்றிரவே கறுப்பு இன்சுலேஷன் டேப்பில்
நகத்தளவு கிழித்து மேலே ஒட்டினேன்.
பதினோரு நாள் அப்படியே ஓட்டினேன்.
மூன்று லட்சத்து எண்பத்தேழாயிரம் கிலோமீட்டர் கண்ட டிசையருக்கு
பதினோரு நாள் என்ன பெரிய கணக்கு?

பன்னிரண்டாம் நாள், மதுரவாயல் தாண்டி,
பானெட்டுக்குள் யாரோ உண்டியல் குலுக்கினார்கள்.

ஜாபர்கான்பேட்டை, ஆற்றுச் சுவரை ஒட்டின ஷெட்.
எபனேசர் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தான்.
"ஆயில் ஃபுல்லாத்தான் கீது.
மேல ஏத்தறவன் படுத்துட்டான்."
டேஷ்போர்டைப் பார்த்தான். டேப்பைப் பார்த்தான்.
என்னைப் பார்க்கவில்லை.
அதுதான் சுட்டது.

சம்ப் இறங்கியது.
ஸ்ட்ரெயினர் வலையில் வெந்த ஜவ்வரிசி போல
சிலிக்கான் துணுக்குகள்.
போன வருஷம் ஐநூறு ரூபாய் மிச்சம் என்று
வேறொருவனிடம் விட்டேனே, அவன் அப்பினது.
சக்கரம், பெல்ட், கிராங்க் புல்லி
ஒவ்வொன்றாய்த் தரைக்கு வந்தபின்
செயின் கவர் கழன்றது.
பம்ப் என்றால் ஏதோ பெரிதாய் நினைத்திருந்தேன்.
கவருக்குள் உள்ளங்கையளவு குழி,
அதில் வளையத்துக்குள் ஒரு வளையம்,
வெளிவளையத்துக்கு ஒரு பல் கூடுதல்.
அந்த ஒரு பல்லின் இடைவெளியில்தான்
ஏறியிருக்கிறது இத்தனை வருஷத்து எண்ணெயும்:
விடிகாலை ஏர்போர்ட், எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரி,
வாடகை தராமல் இறங்கி ஓடின இரண்டு பேர்.
இப்போது குழிச்சுவர் முழுக்கக் கீறல்.
பீலர் கேஜின் தடித்த தகடு
கேட்காமலே உள்ளே போய் வந்தது.

புதுசு எட்டாயிரத்து முந்நூறு என்றார்கள்.
நான் புதுப்பேட்டைக்குப் போனேன்.
கதவுகள் ஒரு குவியல், ஸ்டீயரிங்குகள் ஒரு குவியல்,
நடுவே டீ கிளாஸோடு கடைக்காரர்.
முறத்தளவு கவர் ஒன்றை நீட்டினார், பம்போடு.
சாக்பீஸில் 41.
"நாப்பத்தோராயிரம்தான் ஓடிச்சு. ஆக்சிடெண்ட் வண்டி."
எங்கே என்று கேட்க வாய் வந்தது.
கேட்காமல் இரண்டாயிரத்து எழுநூறுக்குப் பேசி முடித்தேன்.
பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன்.
கீழே வைக்க இடம் இருந்தது.

எபனேசர் அளந்துவிட்டு "தேறும்" என்றான்.
மருந்துக்கடை வாசலினைப் பல்லிடுக்கெல்லாம்
விரலால் அப்பினான்.
"வெறும் காத்தைக் குடிச்சினு சுத்தும் சார்,
மொத மடக்குக்கு எதனா வாயில கீணும்."

எல்லாம் பூட்டி, புது எண்ணெய் ஊற்றி,
இன்ஜெக்டர் ஒயர்களைப் பிடுங்கிவிட்டு
சாவியை என்னிடம் கொடுத்தான்.
"டேப்பைப் பிரி."
பிரித்தேன்.
வெறும் ஸ்டார்ட்டர் சுற்றச் சுற்ற
கிண்டி எரிந்தது.
நிறுத்தி மறுபடி சுற்றினேன். எரிந்தது.
ஸ்பானர் துடைத்துக்கொண்டிருந்த பையன்
துடைப்பதை நிறுத்தினான்.
ஏழு வரை எண்ணினேன், பிறகு எண் தவறியது.
எந்த நொடியில் அணைந்ததென்று
சத்தியமாக எனக்குத் தெரியாது.

"பேரிங் எவ்ளோ தேஞ்சிச்சோ, அது வண்டிக்குத்தான் தெரியும்.
ஓட்டு" என்றான் எபனேசர்.
பில்லில் வாசலினுக்கும் முப்பது ரூபாய் போட்டிருந்தான்.

ராத்திரி மறுபடி கிண்டி சிக்னல்.
நூற்றுப் பதினெட்டு நொடிச் சிவப்பு.
நியூட்ரலில் நிற்கிறேன்.
டேப் இருந்த இடத்தில் பசை, அதில் அதற்குள் தூசி,
அதற்குப் பின்னால் நல்ல இருட்டு.
விரலால் சுரண்டுகிறேன், விரலில் ஒட்டுகிறது.
பின்னால் ஹார்ன்.
யாருக்கோ மிச்சமிருந்த கிலோமீட்டரில்
முதல் கியர் போடுகிறேன்.