ரோசாக் பலகை

செந்தூல் அடுக்ககத்தில்
பதினேழாம் மாடிக்கும் மேலே
லிஃப்ட் எந்திர அறையில் நிற்கிறேன்.
மணி பத்தரை. தகரக் கூரை காயத் தொடங்கிவிட்டது.
கிரீஸ் வாசம்,
மூலையில் யாரோ விட்டுப்போன மைலோ டின்னில்
திருகாணிகள்.

அளவுமானி சரி என்கிறது.
பிரேக் சரி. கம்பிவடத்தின் விட்டம் சரி.
படிவத்தில் கடைசிக் கோடு மட்டும் மிச்சம்:
க. குணாளன், கையெழுத்து.

பேனா இறங்கவில்லை.

ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில்
வடம் கப்பியைக் கடக்கும்போது
ஒரு சின்ன இழுப்பு.
சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது.
பேசிக்கொண்டிருப்பவர்
எச்சில் விழுங்க எடுத்துக்கொள்ளும் நேரம்.

முடிந்ததா என்று போனில் ரஸீப் மலாயில் கேட்கிறார்.
முடிந்துகொண்டிருக்கிறது என்கிறேன்.

பட்சி சொல்லுது என்பாள் என் மனைவி பூங்கோதை,
நாலு நம்பர் எடுக்கப் போகும்போதெல்லாம்.
இத்தனை வருஷத்தில் அவள் பட்சி
ஒரே ஒரு ஆறுதல் பரிசு வாங்கித் தந்தது.
பட்சியை நம்பிப் பிழைக்கிறவன் இல்லை நான்.

தவிர, ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

போன வருஷம்
நாகேந்திரனின் மூன்று விரல்கள் கப்பிக்குள் போயின.
அடுத்த மாதமே கெப்போங்கில்
நல்ல லிஃப்ட் ஒன்றை நான்கு நாள் நிறுத்தினேன்.
சத்தம் கேட்டது என்று சத்தியம் செய்தேன்.
பிரித்தார்கள். ஒன்றுமில்லை.
டயாலிசிஸுக்குப் போகும் சீனப் பெரியவரை
நாற்காலியோடு மகன்கள் தூக்கி இறக்கினார்கள்
பன்னிரண்டு மாடி.
கீழ்ப்படியில் என்னைப் பார்த்து அவர் தலையசைத்தார்,
நன்றி சொல்வதுபோல.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.
அரண்டவன் காதுக்கு?

குணாளா, இது எது?

கெப்போங்கில் வயிற்றில் புளி கரைந்தது.
விழும், நசுங்கும், பேப்பரில் வரும்,
உன் பெயர் வரும், பூங்கோதை தனியாவாள்:
எல்லா வினையும் எதிர்காலத்தில்.
பள்ளிக்கூடத்து இலக்கணப் பரீட்சையில்கூட
அத்தனை எழுதியதில்லை நான்.

இப்போது இருப்பது வினையே இல்லாத வாக்கியம்.
இங்கே, ஏதோ.
அவ்வளவுதான். மறுபடி கேட்டால்
மறுபடி சொல்லவில்லை.
வயிறு, காலையில் தின்ற ரொட்டி சானாயோடு
சும்மா இருக்கிறது.

இதையும் நம்பிவிடலாமா?
பயத்துக்கு நடிக்கத் தெரியும்.
சட்டை மாற்றிக்கொண்டு
நிதானமாக வந்து பக்கத்தில் உட்காரும்.

கடைசியாக ஒன்று கேட்டுப் பார்த்தேன்:
பிரித்து, ஒன்றுமில்லை என்று ஆனால்
சந்தோஷப்படுவாயா?
படுவேன். முழுசாக.
கெப்போங்கில் அப்படியில்லை.
சொல்ல வெட்கம்,
பழுது இருக்கவேண்டும் என்று
அங்கே சாமி கும்பிட்டேன்.

பேனாவை மூடினேன்.
பிரிக்கிற ஆட்கள் வியாழக்கிழமைதான் வருவார்கள்,
தெரியுமில்லையா என்றார் ரஸீப்.
தெரியும்.

கீழே வந்து
ரோசாக் என்று சிவப்பில் எழுதிய பலகையைக்
கதவில் மாட்டினேன்.
மாட்டி முடிப்பதற்குள் மூன்று மொழியில் திட்டு.
பதினான்காம் மாடி லோகேஸ்வரி மட்டும்
ஒரு கையில் பத்துக் கிலோ அரிசி
மறு தோளில் தூங்கும் குழந்தையோடு
பலகையைப் படித்துவிட்டுப் படியைப் பார்த்தாள்.
திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.
அரிசியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

ஆறாம் மாடித் திருப்பத்தில் கேட்டாள்:
"உண்மையிலேயே கெட்டுப்போச்சா, அண்ணே?"
வியாழக்கிழமை தெரியும் என்றேன்.
நின்று, குழந்தையைத் தோள் மாற்றினாள்.
"தெரியாமத்தான் நிப்பாட்டுனீங்களா?"

ஆமாம் என்று சொல்ல மூச்சில்லை.
இன்னும் எட்டு மாடி
கனத்தது அரிசி.